“அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்”: வார்டில் வரும் தர்மசங்கடங்களைக் கையாள ஒரு வழிகாட்டி

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று நோயாளிக்கு முன்பே அவருடைய மகன் நம்மிடம் வந்து நிற்பார். விஷம் குடித்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், “தெரியாம குடிச்சுட்டான்னு எழுதுங்க சார்” என்பார்கள். பதினேழு வயதுப் பெண் கழுத்தில் தாலியோடு கர்ப்பப் பரிசோதனைக்கு வருவாள். இப்படி ஒன்றாவது இல்லாமல் ஒரு வாரம் போவதில்லை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்கள், டியூட்டி டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

எல்லாவற்றிலும் முதலில் கேட்க வேண்டியது, “இந்த முடிவு யாருடையது?” என்பதுதான். நினைவோடு, புரிந்து பேசக்கூடிய நிலையில் இருக்கும் வயதுவந்த நோயாளி என்றால் முடிவு அவருடையது. கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுடையது அல்ல. அடுத்தது, உயிர் போகிற அவசரம் தவிர வேறு எதையும் ராத்திரியில் தனியாக முடிவு செய்யாதீர்கள். காலை வரை காத்திருந்தால் கெட்டுப்போகாத விஷயங்களே பெரும்பாலும்.

நோயை மறைக்கச் சொல்லும் குடும்பம்

மகன் கேட்டவுடன் “சரி, சொல்லல” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “சட்டப்படி சொல்லித்தான் ஆகணும்” என்று முகத்தில் அடித்ததுபோலவும் பேசாதீர்கள். அவரை உட்காரவைத்து, “சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?” என்று கேளுங்கள். பதில் வீட்டுக்கு வீடு மாறும். மனசு உடைந்து சாப்பாட்டை நிறுத்திவிடுவார், ஏதாவது செய்துகொள்வார், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்பார்கள். இவை எல்லாம் அன்பிலிருந்து வருகிற பயங்கள். அதை முழுசாகக் கேட்டுவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: “நானா போய் அவர்கிட்ட போட்டு உடைக்க மாட்டேன். அவர் எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறார்னு கேப்பேன். அவரே நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.” இதற்கு ஒத்துக்கொள்ளாத குடும்பங்கள் குறைவு.

பிறகு நோயாளியிடம் போங்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில், பத்து பேர் சூழ்ந்து நிற்கும்போது வேண்டாம். திரை போடுங்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், போனைச் சைலண்டில் வையுங்கள், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் கேள்வி: “உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைச்சிருக்கீங்க?” இதற்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும், பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள். இரண்டாவது கேள்வி: “ரிப்போர்ட் விவரமெல்லாம் உங்ககிட்டயே பேசட்டுமா, இல்ல வீட்ல யார்கிட்டயாவது பேசணுமா?” “எனக்கு எதுவும் வேணாம்மா, பையன்கிட்ட பேசிக்கங்க” என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான். அவர் சொன்ன அதே வார்த்தைகளைத் தேதி, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு மகனிடம் பேசுங்கள். அப்போது மகனிடம் பேசுவது நோயாளி கொடுத்த அனுமதியின் பேரில் நடக்கிறது.

தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றால் முதலில் ஒரு முன்னறிவிப்பு: “நாம எதிர்பார்த்த மாதிரி ரிப்போர்ட் வரல.” சில நொடி நிறுத்துங்கள். பிறகு “கேன்சர்” என்ற சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். அதன்பின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இங்கேதான் இளம் டாக்டர்கள் தடுமாறுகிறார்கள். மௌனம் தாங்காமல் ஸ்டேஜ், கீமோ, சதவீதக் கணக்கு என்று கொட்டிவிடுவார்கள். அவர் காதில் எதுவும் ஏறாது. சிகிச்சை விவரத்துக்கு மறுநாள் இன்னொருமுறை உட்காருங்கள். “ஒண்ணுமே பண்ண முடியாது” என்ற வாக்கியத்தை மட்டும் எந்த நிலையிலும் சொல்லாதீர்கள்; அது உண்மையும் அல்ல. வலியைக் குறைக்கலாம், மூச்சுத்திணறலைக் குறைக்கலாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.

“கட்டி”, “புண்”, “சதை வளர்ச்சி” என்று சொல்லி அனுப்புவதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. “அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க” என்றாலே என்ன நோய் என்று தமிழ்நாட்டில் தெரியும். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரிலேயே கேன்சர் இருக்கிறது. நீங்கள் மறைத்ததை வாசல் பலகை சொல்லிவிடும். அன்றிலிருந்து உங்களையும் நம்ப மாட்டார், மகனையும் நம்ப மாட்டார். கீமோவுக்குச் சம்மதக் கையெழுத்து போடுபவருக்கு அது எதற்கு என்று தெரியாமலிருந்தால் அந்தக் கையெழுத்துக்கும் மதிப்பில்லை.

நர்ஸ்களின் இக்கட்டு இன்னும் கூர்மையானது. ராத்திரி இரண்டு மணிக்கு பி.பி. பார்க்கப் போகும்போது, “சிஸ்டர், எனக்கு கேன்சரா?” என்பார். டாக்டர் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்ல, தூங்குங்க” என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன் ஐயா, என்ன தோணுது?” என்று கேளுங்கள். இருளில் கேட்கிறவருக்கு அப்போது வேண்டியது பெரும்பாலும் தகவல் அல்ல, துணை. “நீங்க கேட்டதைக் காலையில டாக்டர்கிட்ட சொல்றேன். உங்ககிட்ட நேரா பேசச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். சொன்னதை நர்ஸஸ் நோட்ஸில் நேரத்தோடு எழுதி, ஷிப்ட் மாறும்போது வாய்வழியாகவும் ஒப்படையுங்கள். எழுதாவிட்டால் காலை ரவுண்ட்ஸில் அது காணாமல் போய்விடும்.

கையெழுத்து யார் போடுவது

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கை ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்தில் இருந்தார். வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, நோயாளி தெளிவு பெறும்வரை காத்திருக்கக்கூடிய நிலையில் தாயின் சம்மதமும் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே உள்ளே எதிர்பாராத ஒன்று தென்பட்டால் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை முந்தின நாளே நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கருக்கலைப்புக்கு 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும்; கணவர் கையெழுத்து சட்டம் கேட்காத ஒன்று. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் அப்படியே. “வீட்டுக்காரர் வரட்டும்” என்று திருப்பி அனுப்புவது எச்சரிக்கை போலத் தோன்றும். திரும்பி வராத பெண்ணுக்கு என்ன ஆனது என்று மட்டும் நமக்குத் தெரியாமல் போகும். பிரசவ வலியில் துடிப்பவரிடம் குடும்பக்கட்டுப்பாட்டுக்கோ காப்பர் டி-க்கோ கையெழுத்து வாங்குவதும் சம்மதம் ஆகாது; மாத செக்கப்பிலேயே பேசி முடித்திருக்க வேண்டும்.

நோயாளிக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் நான்கைப் பாருங்கள்: சொன்னது புரிகிறதா, கொஞ்ச நேரம் நினைவில் நிற்கிறதா, நல்லது கெட்டதை எடைபோட முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. “நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க பார்ப்போம்” என்பது நல்ல சோதனை. ஆபரேஷன் முடிந்த முதியவர் ராத்திரி குழம்பிப் பேசினால் அன்றே “தெளிவில்லை” என்று எழுதிவிடாதீர்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டு, காலையில் மறுபடி கேளுங்கள். நாம் விரும்பாத முடிவை எடுக்கிறார் என்பதே தெளிவின்மைக்குச் சான்று ஆகாது.

மயக்கத்தில் வரும் விபத்துக் கேஸில், கூட யாரும் இல்லையென்றால் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உயிர் காக்கும் சிகிச்சை முதலில் என்று 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு டாக்டர்கள் ‘அவசரம், உறவினர் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

“தெரியாம குடிச்சுட்டான்னு எழுதுங்க”

ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்பது கேஷுவாலிட்டியின் தினசரிப் பிரச்சினை. குடும்பம் பயப்படுவது போலீஸுக்கும் ஊர்ப் பேச்சுக்கும். அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து தகவல். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. இதைச் சொன்னதும் பலருக்கு மூச்சு வரும்.

பொய்யாக எழுதிக் கொடுத்தால் முதலில் பாதிக்கப்படுவது நோயாளியே. ‘தவறுதலாக’ என்று இருந்தால் மனநல டாக்டருக்கு ரெஃபரல் போகாது. வயிற்றைக் கழுவி, நான்கு நாளில் அதே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஐந்தாம் நாள் இறந்துவிட்டால் போஸ்ட்மார்ட்டமும் ஏ.ஆரும் வெவ்வேறு கதை சொல்லும். நீங்கள் பார்க்காத காரணத்தையும் எழுதாதீர்கள். ‘நோயாளி கூறியபடி’, ‘அழைத்து வந்தவர் கூறியபடி’ என்று யார் சொன்னது என்பதோடு எழுதினால் போதும்.

பெண் நோயாளி என்றால் கணவரையும் மாமியாரையும் ஒரு வேலை சொல்லி வெளியே அனுப்புங்கள்; மருந்துச் சீட்டு கொடுத்து ஃபார்மசிக்கு அனுப்பினாலே பத்து நிமிடம் கிடைக்கும். எவ்வளவு குடித்தார், ஏன், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்பதை அப்போது கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பெண்களுக்கான 181, மனநல உதவிக்கான 14416 இரண்டையும் எழுதுங்கள்.

பதினேழு வயதில் கர்ப்பம்

நமக்குத் தெரிந்தவற்றில் மிகவும் கடினமானது இதுதான். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரும் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரிவித்தால் கணவர் கைதாகிறார், பெண் “என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்க” என்று அழுகிறாள், அடுத்த கர்ப்பிணி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வராமல் போகிறாள்.

சிலர் கண்டுபிடிக்கும் சுலப வழி, வயதை 19 என்று எழுதிவிடுவது. சட்டத்தை விடுங்கள், மருத்துவ ரீதியாகவே இது ஆபத்து. சின்ன வயதுக் கர்ப்பத்தில் ரத்தசோகையும் ரத்தக் கொதிப்பும் வலிப்பும் அதிகம். வயதை மாற்றினால் அவள் பெயர் ஹை ரிஸ்க் பட்டியலில் ஏறாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் சிகிச்சை; எஃப்.ஐ.ஆரோ போலீஸ் கடிதமோ கேட்டு நிறுத்திவைக்காதீர்கள். பெண்ணிடம் ஒரு நர்ஸ் உடனிருக்கத் தனியாகப் பேசுங்கள். திருமணம் அவள் விருப்பமா, வீட்டில் அடி உதை உண்டா என்று அறியுங்கள். தெரிவிக்கப் போகிறோம் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் செய்துவிட்டு, காக்கிச் சட்டை வார்டுக்குள் வரும்போது அவள் முகத்தைப் பார்ப்பது கொடுமை. கருக்கலைப்பு கேட்டு வந்த சிறுமி என்றால், 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு உதவும்: சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் அனுப்பும் தகவலில் பெயர், அடையாளம் இல்லாமல் தெரிவிக்கலாம். இந்தத் தீர்ப்பை அறியாமல் திருப்பி அனுப்பப்படும் சிறுமிகள் போய்ச் சேருவது போலி டாக்டரிடம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் சேர்த்தே அழையுங்கள். போலீஸ் செய்யாத ஆதரவு வேலைகளைக் குழந்தைகள் நலக் குழு செய்ய முடியும்.

எச்.ஐ.வி.: ரகசியமும் எச்சரிக்கையும்

கட்டிலிலும் கேஸ் ஷீட் அட்டையிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்துங்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறை என்றால் ஸ்டிக்கருக்கு வேலையே இல்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி பரிசோதனைக்கே நோயாளியின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டும்.

மனைவியிடம் சொல்ல மறுக்கும் கணவர் விஷயத்தில், சட்டம் ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறது. துணைக்கு நிஜமான ஆபத்து இருக்க வேண்டும். தானே சொல்லும்படி நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று நீங்கள் உறுதியாக அறிந்திருக்க வேண்டும். நான் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். அதன்பிறகே டாக்டரோ ஆலோசகரோ துணையை நேரில் அழைத்து, ஆலோசனையோடு சொல்லலாம். போனில் கூடாது, மாமனாரிடம் கூடாது. நோயாளி பெண்ணாக இருந்து, சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நிலை இருந்தால் அவசரப்படாதீர்கள்.

ஊசி குத்திக்கொண்ட நர்ஸின் சங்கடம் வேறு. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், ஃபிரிட்ஜில் அவருடைய ரத்தம் இருக்கிறது, “சும்மா போட்டுப் பார்த்துடலாம்” என்பார்கள். அதற்காகக் காத்திருக்கவே வேண்டாம். குத்திய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். தடுப்பு மருந்தின் முதல் டோஸை இரண்டு மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 28 நாள். நோயாளியின் சம்மதம் கிடைத்து, டெஸ்ட் வந்தபின் தேவையில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

வென்டிலேட்டர்

“எல்லாம் பண்ணணுமா?” என்று மகளிடம் கேட்காதீர்கள். வேண்டாம் என்று எந்த மகள் சொல்வாள்? “அம்மா இப்ப இங்க உக்காந்து தன்னையே பாத்தா என்ன சொல்லியிருப்பாங்க?” என்று கேளுங்கள். முடிவின் பாரம் அவள் தலையிலிருந்து இறங்கி, அம்மாவின் விருப்பம் நடுவில் வரும். ஐ.சி.யு.வில் தினம் ஒரே நேரத்தில், முடிந்தவரை ஒரே டாக்டர் குடும்பத்தைச் சந்திப்பது நல்லது. காலையில் ஒருவர் “இம்ப்ரூவ் ஆகுது” என்றும் மாலையில் இன்னொருவர் “சொல்ல முடியாது” என்றும் பேசுவதிலிருந்துதான் பாதிச் சண்டைகள் தொடங்குகின்றன.

இயந்திரத்தை விலக்குவது கொலை என்ற எண்ணம் டாக்டர்களிடமே இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில், கண்ணியமாக இறப்பதும் அடிப்படை உரிமை என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதன் கடினமான நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இப்போதைய வழி: சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு கருத்துத் தரும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும் வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாம் குழு அதைச் சரிபார்க்கும். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் சொல்வது விரும்பத்தக்கது. நோயாளி தன் சிகிச்சை பற்றி முன்கூட்டியே உயில் எழுதியிருந்தால் அதில் பெயர் குறித்தவர்களும், இல்லையென்றால் நெருங்கிய உறவினர்களும் சம்மதிக்க வேண்டும். செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை. முன்கூட்டிய உயிலுக்கு இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும்.

நடைமுறையில் இடறுவது இரண்டாம் குழு. யார் அந்த டாக்டர் என்று தேவைப்படும் அன்று தேடினால் ஒரு வாரம் போய்விடும். பெயர்ப் பட்டியலை இப்போதே கேட்டு வாங்கி ஐ.சி.யு.வில் வைக்கும்படி நிர்வாகத்தை நச்சரியுங்கள்.

இந்த வழி தெரியாததால்தான் இன்னொன்று நடக்கிறது. “உசிரு வீட்டுல போகட்டும்” என்று குடும்பம் கேட்கும், நாம் ‘ஏ.எம்.ஏ.’ (டாக்டர் ஆலோசனைக்கு எதிராகப் போகிறார்) என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். ஆம்புலன்ஸில் மருமகன் கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே போவார். எப்போது நிறுத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் இறக்க விரும்புவது நியாயமான ஆசை. அதற்குரிய ஏற்பாட்டைச் செய்து அனுப்புவது நம் வேலை: மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருந்து, எவ்வளவு எப்போது என்று தமிழில் எழுதிய சீட்டு, யூரின் டியூப், சளி ஒழுகினால் எப்படிச் சாய்த்துப் படுக்கவைப்பது என்ற செயல்விளக்கம், குழாயை யார் எப்போது எடுப்பது என்ற தெளிவு, இறப்புச் சான்று தர ஒரு டாக்டரின் பெயர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சைக் குழுவுக்கும் தகவல் சொல்லுங்கள்.

மூளைச்சாவு வேறு விஷயம். அதை உறுதிசெய்ய நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனை. அவர்களில் ஒருவரும் உறுப்பு மாற்றுக் குழுவில் இருக்கக்கூடாது. இறந்துவிட்டார் என்று சொன்ன அதே மூச்சில் உறுப்புதானம் கேட்காதீர்கள். குடும்பம் அழுது முடிக்கட்டும். ஒருங்கிணைப்பாளர் பிறகு பேசுவார்.

நம் கையாலேயே தவறு நடந்தால்

தவறான மருந்து ஏறிவிட்டது. முதலில் நோயாளி: மருந்தை நிறுத்தி, சீனியரைக் கூப்பிடுங்கள். காலி மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். எவ்வளவு ஏறியது என்பது அதில்தான் தெரியும். குடும்பத்திடம் அன்றே, சீனியர் டாக்டர் வாயால், உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறோம், அடுத்து எப்போது வந்து பேசுவோம். ஜூனியரையோ நர்ஸையோ மட்டும் முன்னால் தள்ளிவிடுவது கோழைத்தனம்; கோபம் முழுவதும் அவர்கள் மேல்தான் இறங்கும்.

பயம் காரணமாகக் கேஸ் ஷீட்டைத் திருத்துகிறவர்கள் உண்டு. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணக் கவனக்குறைவு குற்றவியல் தண்டனைக்கு உரியது அல்ல, மோசமான அலட்சியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தவறைவிட, திருத்திய தாள்தான் உங்களை மாட்டிவிடும். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அவர்கள் கையில் ஏற்கெனவே போனில் எடுத்த படமும் இருக்கும்.

எழுதும் முறை

மேலே சொன்ன ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு தாளில் வந்து நிற்கிறது. தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், நோயாளி அல்லது உறவினர் சொன்ன வார்த்தைகள் மேற்கோளில், என்ன முடிவு, யார் எடுத்தது, உங்கள் பெயரும் கையெழுத்தும். ‘உறவினருக்கு விளக்கப்பட்டது’ என்ற ரப்பர் ஸ்டாம்ப் வாக்கியம் எதையும் காட்டாது. எந்த உறவினர், எதை விளக்கினீர்கள் என்று எழுதுங்கள். ஆர்.எம்.ஓ.வையோ (நிலைய மருத்துவ அலுவலர்) கண்காணிப்பாளரையோ போனில் கேட்டிருந்தால் அந்த நேரத்தையும் குறியுங்கள். தாமதமாக எழுதினால் ‘தாமதப் பதிவு’ என்று தலைப்பிட்டு, எழுதும் நேரத்தையே போடுங்கள். பிழையாகிவிட்டால் ஒயிட்னர் வேண்டாம்: ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான சொல், கையெழுத்து, நேரம்.